பட்டியலில் இல்லாத முதல் பெயர்

தொண்ணூறாம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு பழைய கொம்பியூட்டரோடு கொழும்பிலிருந்து புங்குடுதீவுக்கு வந்து சேர்ந்தேன். நான் வேலை செய்த நிறுவனம் புதியது வாங்கியபோது கழித்துவிட்ட இயந்திரம் அது. திரையையும் பெட்டியையும் பிரிண்டரையும் உடுத்திப் பழசான சாறங்களில் சுற்றி, பாதி வழி லொறியிலும் மீதி வழி பஸ்ஸின் கூரையிலும் கொண்டுவந்தேன். அந்த மாதங்களில் சண்டை நின்றிருந்தது. மடத்துவெளியில் ஓர் அறை எடுத்து வகுப்பு நடத்துவதாக எண்ணம். பெயர்ப் பலகைக்குப் பெயின்ற் அடித்து முடிப்பதற்குள் சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. மின்சாரம் நின்றது. இயந்திரத்தைச் சாறங்களோடே அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்தேன்.

சில வாரங்களில் வேலணைப் பக்கத்துச் சனம் எங்கள் தீவுக்கு வரத் தொடங்கியது. மண்கும்பானிலிருந்து வந்தவர்கள்தான் அதிகம். நடந்தும் சைக்கிளிலும் மாட்டு வண்டிலிலும் வந்தார்கள். பாடசாலை வகுப்பறைகளில் ஓர் அறைக்கு நான்கைந்து குடும்பம் என்று இருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்குப் போகும் தரைவழி அடைபட்டுப் போனதால் மருந்து கடலால் மட்டுமே வரமுடியும் என்று ஆனது. இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, கடற்படைக்குத் தப்பி, ஒரு வள்ளம் பொழுதுபடும் நேரம் வெளிக்கிட்டுப் போய் மருந்தோடு திரும்பும். பெயர், ஊர், நோய், மருந்தின் அளவு என்று ஒரு பட்டியல் அதோடு போக வேண்டும். பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும்தான் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் மருந்து தருவார்கள். மருந்தே தட்டுப்பாடாக இருந்த காலம், அதை நான் குறை சொல்லவில்லை.

நிவாரணக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் ஓய்வுபெற்ற தபால் அதிபர். அவர்தான் என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, உம்மட்டை ஒரு பெட்டி இருக்கெண்டு சொல்லுகினம். உந்தப் பட்டியலை அதாலை எழுதேலுமோ? நாலு பிரதி கேக்கிறாங்கள். மூண்டு பெட்டையள் நாலு நாள் இருந்து எழுதுகினம். எழுதி முடிக்கேக்கை பாதிச் சனம் இடம் மாறிப்போடுது."

"கரண்ட் வேணுமே, ஐயா."

"கலியாண வீடுகளுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டுறவன்ரை ஜெனரேற்றர் சும்மாதான் கிடக்கு."

அப்படித்தான் தொடங்கியது. பாடசாலை ஆய்வுகூடத்தில், அமிலக் கறை பிடித்த மேசையில் இயந்திரத்தை வைத்தோம். பகலில் மட்டும் ஓட்டினோம். இரவில் வெளிச்சம் தெரிந்தால் இராணுவத்தின் ஹெலி வந்து சுடும். ஜெனரேற்றருக்குக் கொஞ்சம் பெற்றோல் காட்டி உசுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடவிட வேண்டும். அந்த மண்ணெண்ணெய் சனங்களின் விளக்குகளிலிருந்து வந்தது. ஓர் அறைக்கு அரைப் போத்தல் என்று தபால் அதிபர் சேர்த்துக் கொண்டுவருவார்.

விபரங்களை அடித்துத் தந்தவர் ஒரு கணித ஆசிரியை. மண்கும்பானிலிருந்து தாயோடு வந்து ஆறாம் வகுப்பு அறையில் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கொம்பியூட்டரை அதற்கு முன் கண்டதில்லை. மூன்றாம் நாளே என்னைவிட வேகமாக அடித்தார். வீடு வீடாகவும் வகுப்பறை வகுப்பறையாகவும் போய் அவர் எழுதிவந்த கொப்பியைப் பக்கத்தில் விரித்துவைத்து, உள்ளூர் ஆட்கள் நானூறு பேரளவில் ஒரு கோப்பிலும் இடம்பெயர்ந்தவர்கள் இன்னொரு கோப்பிலுமாகப் பதிந்தோம். பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க முடிந்தது.

புரோகிராமை நான் எழுதினேன். ஒரே ஆள் இரண்டு இடத்தில் பதிந்திருப்பதுதான் பெரிய தொல்லை. ஒரே பெயரை ஒருவர் ஒரு விதமாகவும் மற்றவர் வேறு விதமாகவும் எழுதுவார்கள். ஆகவே புரோகிராம் ஒவ்வொரு பெயரையும் மற்ற எல்லாப் பெயர்களோடும் ஒப்பிட்டு, ஒரே ஆள் போலத் தெரிபவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கும். பிறகு ஒவ்வொரு பெயராக எடுத்து, முன்னே போனவரும் இவரும் ஒருவரேதானா என்று பார்க்கும். ஒருவரேயென்றால் இரண்டாவதை வெட்டும். இல்லையென்றால் அச்சடிக்கும். ஒப்பிட்டு முடிக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. அச்சடிக்க இன்னும் அரை மணித்தியாலம்.

நான் சொல்ல வந்த மனிதர் அந்த நாட்களில் ஆய்வுகூடத்துக்கு அடிக்கடி வருவார். தெற்கில் ஒரு பட்டினத்தில் துணிக்கடை வைத்திருந்தவர். எண்பத்துமூன்று கலவரத்தில் கடை எரிந்தபின் மண்கும்பானுக்குத் திரும்பி, தோட்டத் தறையில் வெங்காயமும் மிளகாயும் போட்டுச் சீவித்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நீரிழிவு. காலையில் மனைவிதான் ஊசி போடுவார். ஊசியைத் தகரப் பேணியில் அவித்து எடுப்பார். இன்சுலின் குப்பி ஈர மணல் நிரப்பிய மண்முட்டிக்குள் இருக்கும். பிள்ளைகள் இல்லை.

ஆங்கில வரிசையில் அவருடைய பெயர்தான் இடம்பெயர்ந்தவர்களில் முதலாவதாக வரும். அதைத் திரையில் பார்க்க அவருக்கு விருப்பம்.

"பள்ளிக்கூட இடாப்பிலையும் நான்தான் முதல்" என்றார் ஒரு நாள். "வாத்தி வந்தவுடனை என்ரை பேர். ஒரு நாளும் பிந்திப் போகேலாது."

முதல் இரண்டு பட்டியல்களும் சரியாகப் போயின. மருந்தும் சரியாக வந்தது. மூன்றாம் பட்டியலுக்கு முன்பு மண்ணெண்ணெய் இல்லாமல் போய்விட்டது. தபால் அதிபர் ஒன்றரைப் போத்தல் கொண்டுவந்தார். இதற்கு மேல் கேட்க முகமில்லை, சனம் இருட்டுக்குள் சமைக்கிறது என்றார்.

மனிதர் எழுதுவதை இயந்திரத்துக்கு விளங்கும் கட்டளைகளாக மாற்றித் தருவது கொம்பைலர். அதை இரண்டு விதமாக வேலை வாங்கலாம். சாதாரணமாக விட்டால் நாம் எழுதியதை வரிக்கு வரி அப்படியே மாற்றும். வேகம் வேண்டும் என்று கேட்டால், தேவையில்லாதது என்று அது கருதுவதை நீக்கி, வரிகளை முன்பின்னாக்கி, அடிக்கடி தேவைப்படும் எண்களை நினைவகத்தில் எழுதி வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு ஓடும். விடை மாறாது, நேரம் குறையும். கொழும்பில் இதை எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். புரோகிராமை வேகத்துக்காகத் திரும்ப மாற்றினேன். ஒரு மணித்தியால வேலை முப்பத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. மாற்றும்போது சில எச்சரிக்கைகள் திரையில் ஓடின. ஜெனரேற்றர் ஓடிக்கொண்டிருந்தது. நான் படிக்கவில்லை.

பட்டியல் அச்சாகி வந்ததும் ஆசிரியை கடைசிப் பக்கத்து எண்ணைப் பார்த்தார். கொப்பியைப் பார்த்தார்.

"தம்பி, ஒண்டு குறையுது."

"எதிலை, ரீச்சர்?"

"இடம்பெயர்ந்த ஆக்களிலை. நான் அறுபத்துமூண்டு பேர் அடிச்சனான். இதிலை அறுபத்திரண்டு நிக்குது."

"ஆரோ ரெண்டு தரம் பதிஞ்சிருப்பினம். அதை வெட்டியிருக்கும்."

"ஆரை வெட்டினதெண்டு சொல்லாதோ?"

"சொல்லாது."

அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, ஜெனரேற்றரில் மிச்சமிருந்த எண்ணெய்க்கு ஒரு சோதனை செய்து பார்ப்போம் என்றேன். பிழை தேடுவதற்கு ஒரு கருவி உண்டு. புரோகிராமை வரி வரியாக நிறுத்தி, அந்தந்த இடத்தில் ஒவ்வொரு எண்ணின் பெறுமதியையும் காட்டும். வெட்டும் இடத்தில் நான் ஒரு குறி வைத்திருந்தேன். அது பூச்சியமாக இருந்தால் ஆளை அச்சடிக்கும். ஒன்றாக இருந்தால் வெட்டும். இரண்டாம் கோப்பு தொடங்கும் இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். குறி பூச்சியம் என்று கருவி காட்டியது. அச்சடிக்க வேண்டும். அடுத்த வரிக்குப் போகச் சொன்னேன். அச்சடிக்கும் வரிக்கு வராமல் அதைத் தாண்டிக் கீழே குதித்தது.

அந்தக் குதிப்பை என் இரண்டு கண்ணாலும் கண்டேன். ஆனால் வேகத்துக்காக மாற்றிய புரோகிராமில் இப்படிக் குதிப்பது வழக்கம். கொம்பைலர் வரிகளை இடம் மாற்றிவிடுவதால் நாம் எழுதிய வரிக்கும் ஓடும் கட்டளைக்கும் பொருத்தம் கெட்டுவிடும். பிழை தேடும்போது வேகத்தைக் கேட்காதே என்று கைநூலிலேயே எழுதியிருக்கும். ஆகவே குதித்ததை நான் நம்பவில்லை. பூச்சியம் என்று காட்டியதை நம்பினேன். அதுவும் அதே கருவி காட்டியதுதான் என்று அப்போது தோன்றவில்லை. ஜெனரேற்றர் இருமி நின்றது.

"குறி சரியாத்தான் இருக்கு, ரீச்சர்."

"நான் பேர் பேராப் பாக்கிறன்."

"அறுபது பேரையும் பாத்து முடிய வள்ளம் போயிடும். போன முறையும் மூண்டு பேரை வெட்டினது. சரியாத்தானே இருந்தது?"

அவர் கொப்பியை மூடினார். வாசலில் தபால் அதிபர் நின்றார். காகிதத்தை மடித்து உறையில் வைத்துக் கொடுத்தேன்.

வள்ளம் ஒன்பதாம் நாள் திரும்பியது. மருந்துகளைப் பிரித்துக் கொடுத்தபோது துணிக்கடைக்காரரின் மனைவி வெறுங்கையோடு ஆய்வுகூடத்துக்கு வந்தார்.

"தம்பி, இவரின்ரை மருந்து வரேல்லையாம். பேர் இல்லையாம்."

ஆசிரியை கொப்பியை எடுத்து, எங்களிடமிருந்த பிரதியோடு சேர்த்துப் பார்த்தார். தேடவே வேண்டியிருக்கவில்லை. தலைப்புக்குக் கீழே முதல் வரியில் அவருடைய பெயர் இருந்திருக்க வேண்டும். அங்கே அடுத்தவரின் பெயர் இருந்தது. கொப்பி முழுவதிலும் அவர் பெயர் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது.

"முதல் வரியைக்கூட நான் பாக்கேல்லை" என்றார் ஆசிரியை. "எண்ணத்தான் எண்ணினனான்."

இன்சுலின் எடுக்கும் மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் தந்தார்கள். அவர்களும் பயந்துதான் தந்தார்கள். பாதி அளவாகப் போட்டு ஒரு கிழமை கொண்டுபோனார்கள். அடுத்த வள்ளத்துக்குக் கையால் எழுதிய பட்டியல் தயாராக இருந்தது. வள்ளம் போகவில்லை. கடலில் காவல் கூடிவிட்டது. இரண்டு தடவை வெளிக்கிட்டு இரண்டு தடவையும் திரும்பி வந்தார்கள். மேற்குக் கரையில் நின்று, சாம்பல் நிறக் கப்பல் நகராமல் நிற்பதை நானும் பார்த்தேன்.

அவருக்கு முதலில் தாகம் வந்தது. வாளித் தண்ணீரைப் பக்கத்திலேயே வைத்திருந்தார். பிறகு வயிற்று நோ, குடித்ததெல்லாம் சத்தி. காலில் முள் குத்திய காயம் கறுத்தது. கடைசி இரண்டு நாளும் ஆழமாக இழுத்து இழுத்து மூச்சு விட்டார். மூச்சில் பழுத்த பழத்தின் வாசனை. அறையில் இருந்த மற்றக் குடும்பங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விறாந்தைக்குப் போய்விட்டன. நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். என்னை அடையாளம் கண்டாரா என்று தெரியாது. மூன்றாம் நாள் விடியமுன் முடிந்துவிட்டது.

தீவில் அப்போது டொக்டர் இல்லை, ஓர் அப்போதிக்கரிதான் இருந்தார். அவரிடம் கேட்டேன்.

"மருந்து வந்திருந்தா இருந்திருப்பாரோ?"

"இந்த முறை போயிருக்க மாட்டார்" என்றார். சுற்றி வளைத்துப் பேசும் ஆள் அல்ல அவர்.

அவருடைய எட்டாம் நாள் எட்டுச்சிலவு முடிந்தபின் இயந்திரத்துக்கு முன் மறுபடி இருந்தேன். தபால் அதிபர் ஏதும் கேளாமல் மூன்று போத்தல் எண்ணெய் தந்தார். வேகம் கேட்காமல் மாற்றி ஓட்டினேன். அறுபத்துமூன்று பேரும் வந்தார்கள். வேகம் கேட்டு ஓட்டினேன். அறுபத்திரண்டு. ஒரே எழுத்து, ஒரே கோப்பு. கொம்பைலர்தான் பிழை என்று நினைத்தேன். எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். யாரோ தூரதேசத்தில் எழுதிய கொம்பைலர். என் கையில் ஒன்றும் இல்லை.

உறுதிப்படுத்திக்கொள்வதற்காக, கொம்பைலர் உண்டாக்கிய இயந்திரக் கட்டளைகள் முழுவதையும் காகிதத்தில் அச்சடித்து எடுத்தேன். அதற்குப் பிறகு எண்ணெய் தேவைப்படவில்லை. நான்கு பகல், யன்னலோரக் கதிரையில் இருந்து பென்சிலோடு ஒவ்வொரு கட்டளையாக வாசித்தேன். ஆசிரியை இடையில் வந்து பக்கத்தில் இருப்பார். நான் என்ன தேடுகிறேன் என்று சொல்லச் சொல்லிக் கேட்பார். கணிதம் படித்தவர் என்பதால் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்.

நான்காம் நாள் கண்டோம். வெட்டும் குறியைக் கொம்பைலர் நினைவகத்தில் வைக்கவே இல்லை. கையில் பிடித்துக்கொண்டது. பிழை தேடும் கருவிக்கு அது தெரியாது. குறிக்கென்று நினைவகத்தில் ஒதுக்கி, ஒருபோதும் எழுதப்படாத வெற்றிடத்தை அது பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே பூச்சியம் கிடந்தது. அதையே எனக்குக் காட்டியது. உண்மையான குறி இருந்த கையில், அதற்குச் சற்று முன்பு கோப்பின் இலக்கம் இருந்தது. முதல் கோப்புக்குப் பூச்சியம், இரண்டாம் கோப்புக்கு ஒன்று. அந்த ஒன்று அப்படியே குறியாகிவிட்டது. ஒன்று என்றால் வெட்டு. முதல் ஆளுக்கு முன்னே ஒப்பிட ஒருவரும் இல்லாததால் குறியைத் திருத்த இடமே இல்லை; இடம்பெயர்ந்தவர்களின் கோப்பில் முதல் ஆளை வெட்டிவிட்டது.

"அப்ப கொம்பைலர்தானே பிழை விட்டது?" என்று ஆசிரியை கேட்டார்.

"இல்லை, ரீச்சர்."

"பிறகு?"

"தொடங்கேக்கை குறிக்கு நான் பூச்சியம் போட்டிருக்க வேணும். போடேல்லை. போடாமல் விட்டா அதிலை எதுவும் இருக்கலாம். மற்ற விதத்திலை ஓட்டேக்கை வாய்ப்பாப் பூச்சியம் இருந்திருக்கு. அவ்வளவுதான். அது குடுத்த எச்சரிக்கையிலையும் இதைத்தான் சொல்லியிருக்கும்."

"ஒரு வரியோ?"

"ஒரு வரியும் இல்லை. சமனும் பூச்சியமும்."

அவர் காகிதங்களை அடுக்கி மேசையில் வைத்தார். பிறகு எழுந்து போய்விட்டார். ஆறுதலாக அவர் ஒன்றும் சொல்லாதது எனக்கு நல்லதாகவே பட்டது.

பெட்டி பிழை விட்டுவிட்டது என்றுதான் பாடசாலை முழுவதும் பேசிக்கொண்டார்கள். தபால் அதிபரும் அப்படியே விடுவோம் என்றார். "அந்த மனுசிக்கு இதை விளங்கப்படுத்தி என்ன, தம்பி? போனவர் போட்டார்." இரண்டு நாள் நானும் அப்படியே விட்டேன். மூன்றாம் நாள் துணிக்கடைக்காரரின் மனைவியிடம் போனேன். வகுப்பறை மூலையில் சீலை கட்டி மறைத்த இடத்தில் அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு இருந்தார்.

"அக்கா, பெட்டி பிழை விடேல்லை. நான் எழுதினதிலைதான் பிழை. ரீச்சர் குறையுதெண்டு சொன்னவ. நான் கேக்கேல்லை."

அவர் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"பெட்டையள் கையாலை எழுதேக்கை அவரின்ரை பேர் இருந்தது" என்றார்.

"ஓம்."

"பிறகேன் மாத்தினீங்கள்?"

மண்ணெண்ணெயைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் விட்டுவிட்டேன். அவருடைய விளக்கிலிருந்தும்தான் அந்த எண்ணெய் வந்திருந்தது.

"போய்ட்டு வாரும்" என்றார்.

குழுக் கூட்டத்தில் இயந்திரத்தை நிறுத்த வேண்டும் என்று நானே சொன்னேன். ஆசிரியை மறுத்தார். கையால் எழுதிய பட்டியலிலும் முன்பு ஆட்கள் தவறியிருக்கிறார்கள், அது யாரென்று இன்றுவரை தெரியாது என்றார். அவருடைய நிபந்தனைகள் மூன்று. வேகம் கேட்கக் கூடாது. யாரை வெட்டினாலும் அவருடைய பெயரைத் தனித் தாளில் அச்சடிக்க வேண்டும். வள்ளம் காத்து நின்றாலும் கொப்பியை ஒருவர் வாசிக்க மற்றவர் பட்டியலைப் பார்க்க வேண்டும். அதன்பின் அப்படித்தான் செய்தோம். அவர் வாசிப்பார், நான் பென்சிலால் கோடு போடுவேன். வேறு பேச்சு எங்களுக்குள் குறைந்துபோனது. எழுதிய புரோகிராம் முழுவதையும் தொடக்கத்திலிருந்து படித்து, தொடக்கப் பெறுமதி போடாத இடங்கள் இன்னும் இரண்டைக் கண்டுபிடித்தேன். அவற்றால் யாருக்கும் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை.

மறு ஆண்டு இராணுவம் எங்கள் தீவுக்கும் வரப்போகிறது என்ற பேச்சு வந்தது. சனம் மறுபடி வெளிக்கிட்டது. ஆசிரியையும் தாயும் குடாநாட்டுக்கு முதல் வள்ளங்களில் போய்விட்டார்கள். துணிக்கடைக்காரரின் மனைவி நெடுந்தீவுக்குப் போய் அங்கிருந்து இந்தியாவுக்குப் போவதாக முடிவு செய்தார். அங்கே முகாமில் பதியும்போது கணவர் எங்கே என்று கேட்பார்கள், இறந்ததற்கு ஒரு கடிதம் வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பதிவாளர் தீவில் இல்லை. குழுத் தலைவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று ஆனது. தபால் அதிபருக்கு அப்போது கை நடுக்கம் வந்திருந்தது. நீர் எழுதும் தம்பி, நான் ஒப்பம் வைக்கிறன் என்றார்.

கொப்பியிலிருந்து கிழித்த ஒற்றையில் எழுதினேன். பெயர், வயது, ஊர், எந்த நோயால், எந்த நாளில். மனைவி எதிரில் நின்று பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது.

"வாசிச்சுக் காட்டும்" என்றார்.

வாசித்தேன்.

"பேரை இன்னொருக்கால்."

மறுபடி வாசித்தேன். கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே போனார். கிணற்றடியில் நின்ற ஒரு பெண்ணிடம் அதை நீட்டி, வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அந்தப் பெண் வாசித்து முடித்த பிறகுதான் அதை மடித்துப் பைக்குள் வைத்தார்.

நெடுந்தீவு போய்ச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன். அதற்கு அப்பால் ஒன்றும் தெரியாது.